இசைவாணி போட்ட மார்க்கு

இசைவாணிக்கு பஸ்ஸுல ஏறினா தூக்கம் வந்துரும். ஒக்காரணும்னு கூட அவசியம் இல்ல. நைனார்பாளையத்துல ஏறுவா, கம்பிய ஒரு கையால புடிப்பா, சின்னசேலம் வர்றதுக்குள்ள கண்ணு சொருகிடும். அந்த ரூட்டு கண்டக்டருங்களுக்கு இது பழகிப்போன சமாச்சாரம். கள்ளக்குறிச்சி வந்ததும் கம்பிய ரெண்டு தட்டு தட்டி, "லைப்ரரி, எறங்கும்மா, காலேஜு வந்து உன்ன எழுப்பாது" ம்பாங்க. அவ எறங்கி ரெண்டு நிமிஷம் ரோட்டப் பாத்துக்கினு நிப்பா. எது கனா, எது கள்ளக்குறிச்சின்னு பிரிச்சு வெக்க அவளுக்கு அவ்ளோ நேரம் ஆவும்.

அதுக்காக தூங்குமூஞ்சின்னு நெனச்சிடாதீங்க. முப்பத்திமூணு வயசு, லைப்ரரி சயின்ஸ் படிச்சவ. அந்த காலேஜ் லைப்ரரியில ஆறு வருஷமா டெம்ப்ரவரி. ஒவ்வொரு ஜூன் மாசமும் ஒரு தாளு வரும். வந்தா இன்னும் ஒரு வருஷம் வேல உண்டு, வரலன்னா இல்ல. மே மாசம் பூரா அவுங்க வூட்டுல யாரும் சத்தமா பேச மாட்டாங்க. அப்பா காசிநாதன் குத்தகைக்கு மக்காச்சோளம் போடறவரு. வருஷம் பூரா வானத்தப் பாத்துக்கினு இருக்கற மனுஷன், அந்த ஒரு மாசம் மட்டும் மவ மூஞ்சியப் பாத்துக்கினு இருப்பாரு.

இந்த வருஷம் ஜனவரியில பிரின்சிபால் லட்சுமியம்மாள் மேடம் அவள கூப்ட்டு அனுப்பினாங்க. மேடம் பேசறது ரேடியோவுல நியூஸ் வாசிக்கற மாதிரி இருக்கும், நடுவுல யாரும் பூர முடியாது. அவுங்க சொன்னது இதான். இருபது வருஷமா பசங்க எழுதின ப்ராஜெக்ட்டு, சாருங்க எழுதின கட்டுரை, ஆண்டு மலர் எல்லாம் மாடிப்படிக்குக் கீழ அலமாரியில கெடக்குது. பாதிய கரையான் படிச்சு முடிச்சிடுச்சு. மிச்சத்தையாவது ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல ஏத்தி, எந்த ஊர்ல இருந்தும் தேடிப் படிக்கற மாதிரி ஒரு களஞ்சியமா வெக்கணும். அதுக்குன்னே இருக்கற சாப்ட்வேர் மூணு வந்திருக்கு. மூணையும் சோதிச்சுப் பாத்து, நூத்துக்கு மார்க்கு போட்டு, மார்ச் மொத வாரம் குடுக்கணும். எதுக்கு ஜாஸ்தி மார்க்கோ, அத எடுத்துக்கலாம்.

வெளிய வந்தா, லைப்ரரியன் தமிழரசன் சார் தூண் ஓரம் நின்னுக்கினு இருந்தாரு. அவரு பர்மனெண்ட்டு. குட்மார்னிங் சொன்னாக்கூட ரகசியம் சொல்ற மாதிரி தான் சொல்லுவாரு, அக்கம்பக்கம் பாத்துட்டு, கொரல எறக்கி.

"ஏம்மா இசை, மொத ரெண்டும் ஓசி சாப்ட்வேரு. அத எடுத்தா கூடவே ஒக்காந்து பாத்துக்க ஒரு ஆளு வேணும். மூணாவது மெட்ராஸ் கம்பெனி. எல்லாத்தையும் அவனே அங்கேர்ந்து பாத்துக்குவான், இங்க ஆளே வேணாம். ஆளுன்னா யாருன்னு நான் பேர் வேற சொல்லணுமா?"

அவரு இன்னும் கிட்ட வந்து, "பேனா உன் கையில இருக்குது. அவ்ளோதான் நான் சொல்லுவேன்" னுட்டு, அவ்ளோத்துக்கு மேலயும் பத்து நிமிஷம் சொன்னாரு.

அன்னிக்கே அவ ஒரு நோட்டுல இருபத்தோரு கேள்வி எழுதினா. ஏத்திக்கினு இருக்கும்போது கரண்டு போனா பாதியில நின்னது இன்னா ஆவும்? தமிழ்ல தேடினா கெடைக்குமா? எழுதினவங்க பேரு ஒழுங்கா வருமா? நாளைக்கு கம்பெனி கடைய மூடிட்டா நம்ம சரக்க நாம வெளிய எடுத்துக்கினு போவ முடியுமா? ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்துல இத்தினி மார்க்குன்னு போட்டா. பாதிக்கு மேல மூணு மார்க்கு, நாலு மார்க்கு தான். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பத்து. கல்வராயன் மலையில, ஒத்தக் கோடு சிக்னல்ல, போன்ல தொறக்குதா? அந்த காலேஜுல கொஞ்சம் நஞ்சம் இல்ல, பாதிப் புள்ளைங்க மலையில இருந்து எறங்கி வர்றவங்க. அவுங்க எழுதினது அவுங்க ஊர்ல தொறக்கலன்னா அப்புறம் அந்தக் களஞ்சியம் யாருக்கு?

அப்புறம் மூணோடயும் பழக ஆரம்பிச்சா. கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்ட் பகலவன் சார் ஓசி ரெண்டையும் லேபுல இருந்த ஒரு பழைய சர்வர்ல ஏத்தி, வெளிய இருந்தும் தொறக்கற மாதிரி பண்ணிக் குடுத்தாரு. மூணாவது கம்பெனியோட பெரிய சர்வர்ல ஓடுது. பதினஞ்சு நாள் பழகினதுல மூணுக்கும் மூணு கொரல் வந்துடுச்சு. மத்தியானம் லைப்ரரியில காத்தாடி சுத்தற சத்தத்துல அவளுக்கு கண்ணு லேசா சொக்கும் பாருங்க, அப்ப மூணும் பேசும்.

மொதலாவது எட்மாஸ்டர். "எங்க உன் பாஸ்வேர்டு? இது போன வாரத்துது. இதுல எட்டெழுத்து கூட இல்ல. போ, வெளிய போய் நில்லு." ஒரு ஃபாரத்த நெப்பறதுக்குள்ள நாலு தடவ வெளிய நிக்க வெக்கும். ஆனா உள்ள வுட்டுடுச்சுன்னா ஒரு தாளு தொலையாது.

ரெண்டாவது சித்தப்பா. "இரும்மா... தோ... வந்துட்டேன்..." எதச் சொன்னாலும் செய்யும், எந்தப் பக்கம் திருப்பினாலும் திரும்பும். ஆனா எழுந்திரிச்சு சட்டைய மாட்டிக்கினு வர்றதுக்குள்ள நாம கெளம்பிப் போயிருப்போம்.

மூணாவது ஜவுளிக்கட. "வாங்க மேடம், உள்ள வாங்க மேடம், நீங்க ஒக்காருங்க, நாங்க எடுத்துப் போடறோம்." அந்தக் கொரல் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்கவே வேணாம். கம்பெனி ஆளு பிரவீன்குமார் போன்ல அப்டித்தான் பேசுவான். ஒரு வாக்கியத்துக்கு மூணு மேடம். முழுக்கை சட்டைய அயர்ன் பண்ணி வெச்ச மாதிரி ஒரு கொரலு.

சோதிக்கறதுக்காக நாப்பது ப்ராஜெக்ட்ட ஸ்கேன் பண்ணி மூணுலயும் ஏத்தினா. ஏத்தும்போது எழுதினவங்க பேருக்கு ரெண்டு கட்டம் வரும். பேமிலி நேம்னு ஒண்ணு, தன் பேருன்னு ஒண்ணு. பேமிலி நேமுக்குப் பக்கத்துல செவப்பு நட்சத்திரம் இருக்கும், அத நெப்பாம வுட்டா மேல போவ முடியாது. நம்ம ஊர்ல ஏது அதெல்லாம்? இனிஷியல் தான். இனிஷியல்னா அப்பா. பேங்க்லயும் பான் கார்டுலயும் நெப்பற பழக்கத்துல, இசைவாணி யோசிக்கவே இல்ல. நாப்பது பேரோட அப்பா பேரையும் தேடிப் புடிச்சு அந்தக் கட்டத்துல போட்டா. செவப்பு நட்சத்திரம் பச்சையா மாறிச்சு. மூணும் நல்ல புள்ளைங்களா வாங்கிக்கிச்சு.

மிச்சம் இருந்தது அந்தப் பத்து மார்க்கு கேள்வி. பிப்ரவரியில ஒரு சனிக்கிழம காலைல கள்ளக்குறிச்சியில இருந்து வெள்ளிமலை பஸ்ஸுல ஏறினா. மேல சாலம்மாள்னு ஒரு பொண்ணு இருந்தா. முன்னாடி அந்த காலேஜுல எம்.ஏ. படிச்சவ, இப்ப அவுங்க ஊரு அங்கன்வாடியில டீச்சரு. மழக்காலத்துல மலப் புள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கு எந்த வழியா போவுதுங்க, எந்த ஓடைய எந்த மாசம் தாண்ட முடியாதுன்னு பதினோரு ஊரு நடந்து, கையால படம் வரஞ்சு ப்ராஜெக்ட்டு எழுதினவ. அவகிட்ட இருந்த காப்பி நனஞ்சு போச்சு. அவுங்க ஊரு ஓடைக்கு சின்னதா ஒரு பாலம் கேட்டு மனு குடுத்திருக்காங்க, பாக்க வர்றவங்ககிட்ட காட்டணும், காலேஜுல இருக்கற காப்பி வேணும்னு ரெண்டு மாசமா போன் பண்ணிக்கினு இருந்தா. சோதன பண்ண இத வுட நல்ல ஆளு கெடைக்காது.

கச்சிராயபாளையம் தாண்டிச்சு. கோமுகி அணை தண்ணி ஒரு பக்கமா சாஞ்சு தெரிஞ்சுச்சு. பஸ்ஸு மொத வளைவுல திரும்பறப்பவே இசைவாணி போய்ட்டா.

கனாவுல அதே பஸ்ஸு தான். ஜன்னலுக்கு வெளிய மாடிப்படி அலமாரிங்க எல்லாம் வரிசையா மலை ஏறிக்கினு இருந்துச்சுங்க, நாலு காலையும் மெதுவா எடுத்து வெச்சு, மேயப் போற மாடு மாதிரி. கதவு தொறந்து தொறந்து மூடுச்சு, உள்ள இருந்து வெள்ளத் தாளுங்க பறந்து போய் மரத்துல ஒக்காந்துச்சுங்க. பனி எது, தாளு எதுன்னு தெரியல. பஸ்ஸுக்குள்ள எல்லா சீட்டுலயும் துண்டு போட்ட ஆம்பளைங்க. பொண்ணுங்க எல்லாம் கம்பியப் புடிச்சிக்கினு நின்னாங்க. கண்டக்டர் ஒரு பட்டியல வெச்சுக்கினு பேரு கூப்ட்டுக்கினே வந்தாரு. கூப்ட்ட பேருக்கெல்லாம் ஒக்காந்திருந்தவங்க கைய தூக்கினாங்க. நின்னுக்கினு இருந்த ஒருத்தி பேர கூட அவரு கூப்புடல. இசைவாணி அவ பேருக்காக காத்துக்கினு இருந்தா. அவரு அவள சுத்திக்கினு போய், "காசிநாதன்" ன்னு கூப்ட்டாரு.

முழிச்சுப் பாத்தா வெள்ளிமலை. வெளிய நெஜமாவே பனி.

அங்க இருந்து சாலம்மாள் வண்டியில இன்னும் அர மணி நேரம். அவுங்க ஊர்ல சிக்னல் வர்ற எடம் ஒண்ணே ஒண்ணு தான், பலா மரத்தத் தாண்டி ஒரு பாற. அந்தப் பாற மேல தான் ஊரு பூரா போன் பேசும். சண்டக்காரனும் அங்கதான், சம்பந்தம் பேசறவனும் அங்கதான். அன்னிக்கு காலைல பாற காலியா இருந்துச்சு, ஈரமா, மேகம் தொட்டுட்டுப் போன மாதிரி.

எட்மாஸ்டர தொறந்தாங்க. ஒரு வட்டம் சுத்துச்சு. சுத்திக்கினே இருந்துச்சு. பத்து நிமிஷம் கழிச்சு, அனுமதி இல்ல, 'போ' ன்னுடுச்சு.

சித்தப்பா நாலு நிமிஷத்துல எழுந்து வந்தாரு. எழுத்து வந்துச்சு. படம் இருக்க வேண்டிய எடம் வெள்ளையா இருந்துச்சு. ஓடையும் காணோம், வழியும் காணோம்.

மூணாவது, ஜவுளிக்கட. எட்டு நொடி. இசைவாணி எண்ணிக்கினே இருந்தா. எழுத்து, படம், ஓட, பதினோரு ஊரு எல்லாம் எடுத்துப் போட்டாச்சு. சாலம்மாள் ரெண்டு வெரலால படத்த பெருசாக்கி, அவ கையால வரஞ்ச நெளிஞ்ச கோட்ட ரொம்ப நேரம் பாத்தா. இசைவாணிக்கு ஜூன் மாசம் அந்தப் பாறயில இருந்தே தெரிஞ்சுச்சு.

"எழுதினவங்க வரிசையில எம்பேரு எங்கக்கா இருக்கும்?" னு சாலம்மாள் கேட்டா. ரெண்டு பேருமா தேடினாங்க. அவ பேருக்கான எடத்துல யாருமே இல்ல. தள்ளிக்கினே போனாங்க. அய்யப்பன், வேற யாரோ ஒரு காசிநாதன், ராசு... கடைசியில வந்துச்சு: 'வேடியப்பன், சா.' அவ அப்பா பேரு, பின்னால ஒத்த எழுத்தா அவ.

நாப்பதுல முப்பத்தோரு பேரு பொண்ணுங்க. வரிசையில ஒருத்தி கூட இல்ல. ரேஷன் கடைப் பட்டியல் மாதிரி அப்பாங்களா நின்னாங்க.

அந்த நேரம் பாத்து வேடியப்பனே கடுக்கா மூட்டையோட அந்த வழியா வந்தாரு. மூட்டைய எறக்கி வெச்சுட்டு, விஷயத்தக் கேட்டுட்டு, போன வாங்கி தூரமா புடிச்சுப் பாத்தாரு.

"நான் கடுக்கா பொறுக்கத்தாம்மா போயிருந்தேன். இத எப்ப எழுதினேன்?"

இசைவாணிக்கு சிரிப்பு வந்துச்சு. சாலம்மாளுக்கு வரல.

"பதினோரு ஊரும் நான்தான்க்கா நடந்தேன். மூணாவது ஓடையில வழுக்கி உழுந்து கை ஒடஞ்சுது. அவருக்கு ஒடையல."

"நான்தான் அப்டிப் போட்டேன். பேமிலி நேம்னு கேட்டுச்சு."

"கேட்டா?"

இசைவாணி அங்கியே ஒக்காந்து பிரவீன்குமாருக்கு போன் போட்டா. எல்லாரும் அவுங்கவுங்க பேர்ல தெரியணும், மாத்த முடியுமான்னு கேட்டா. அவன் சிரிச்சு சிரிச்சு சொன்னான், மேடம் அது ஒலகம் பூரா அப்டித்தான் மேடம், எந்த காலேஜும் இதுவரைக்கும் கேட்டதே இல்ல மேடம், ஒரு சாப்ட்வேர ஒரு ஊருக்காக மாத்த முடியாது மேடம். சித்தப்பாவா இருந்தா அவளே ரெண்டு நாள் ஒக்காந்து மாத்திடுவா. அதுவும் அவளுக்குத் தெரியும்.

மறுநாள் ஞாயித்துக்கிழம. வூட்டுக்குப் பின்னால களத்துல அறுத்த மக்காச்சோளக் கதிரு குவிஞ்சு கெடந்துச்சு. அது பக்கத்துல நெழலாப் பாத்து ஒக்காந்து நோட்ட விரிச்சா. பேரு தெரியற கேள்விக்கு கம்பெனிக்கு சைபர். மலையில தொறக்கற கேள்விக்கு கம்பெனிக்கு பத்துக்குப் பத்து, சித்தப்பாவுக்கு ரெண்டு, எட்மாஸ்டருக்கு ஒண்ணுமில்ல. கூட்டினா. கம்பெனி எழுவத்தி நாலு. சித்தப்பா எழுவத்தி ஒண்ணு. எட்மாஸ்டர் அம்பத்தெட்டு. மறுபடியும் கூட்டினா. அதேதான்.

பென்சில எடுத்து, மலக் கேள்விக்கு பத்துன்னு இருந்தத அஞ்சுன்னு போட்டுப் பாத்தா. கம்பெனி அறுவத்தொம்பது, சித்தப்பா எழுவது. ஒரே ஒரு மார்க்கு, ஜூன் மாசத் தாளு வந்துடும். நோட்டு அவளோடது. பத்துன்னு போட்டத வேற யாரும் பாக்கல. பழைய சர்வர்ல ஓடினதால தான சித்தப்பா லேட்டா வந்தாருன்னு ஒரு ஞாயம் கூட கைக்கு வந்துச்சு. ஆனா அடுத்த வருஷமும் காலேஜுல அதே பழைய சர்வர் தான இருக்கப் போவுது.

வெயிலு சோளத் தோகை மேல பட்டு மின்னிக்கினு இருந்துச்சு. காத்து வந்தப்ப தோகையெல்லாம் சலசலன்னு ஓட மாதிரி ஓடிச்சு. அவளுக்கு கண்ணு செருகிச்சு. ஓடைக்கு இந்தாண்ட புள்ளைங்க வரிசையா நின்னுதுங்க, புஸ்தகப் பைய தல மேல வெச்சுக்கினு. எல்லாருக்கும் முன்னாடி ஒரு வட்டம் சுத்திக்கினு இருந்துச்சு, தண்ணியில சுழி மாதிரி. புள்ளைங்க பொறுமையா அத்தப் பாத்துக்கினு நின்னுதுங்க. யாரும் அழுவல. அதான் அவளுக்குத் தாங்கல.

முழிச்சப்ப அப்பா எதிர்ல கதிரு உரிச்சுக்கினு இருந்தாரு. "இன்னாம்மா கணக்கு?" ன்னு கேட்டாரு.

"மலைக்கு எவ்ளோ மார்க்கு போடறதுன்னு பாத்துக்கினு இருந்தேம்பா."

அவரு தலைய ஆட்டிக்கினாரு. ஒண்ணும் புரியல, ஆனா மவ மூஞ்சியப் பாத்து ஏதோ ஒண்ணு புரிஞ்சுச்சு. அடுத்த கதிர எடுத்தாரு.

மலைக்குப் போறதுக்கு முன்னாடி பத்துன்னு போட்டது அவதான். பாத்துட்டு வந்தப்புறம் அஞ்சுன்னா, நடுவுல மலை பாதியா கொறஞ்சுடுச்சா இன்னா? ரப்பர எடுத்து அஞ்ச அழிச்சா.

திங்கக்கெழம பிரின்சிபால் ரூம்ல தமிழரசன் சாரும் இருந்தாரு. தாளப் பாத்ததும் அவரு கொரலு மொத தடவையா எறங்கவே இல்ல. "ஏம்மா, கூட்டல்ல தப்பு கிப்பு பண்ணிட்டியா?" ன்னு ரூமுக்கே கேக்கற மாதிரி கேட்டாரு.

மேடம் இருபத்தோரு கேள்வியையும் வரிசையா படிச்சாங்க. நியூஸ் முடிஞ்சுச்சு. அப்புறம் கண்ணாடிய கழட்டி, நியூஸ் இல்லாத கொரல்ல கேட்டாங்க.

"இத எடுத்தா உன் எடம் இருக்காதுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும் மேடம்."

"மூணு மார்க்கு தான் வித்தியாசம். ஒரு வார்த்த சொல்லு, நான் பாத்துக்கறேன்."

அந்த ஒரு வார்த்த வாய் வரைக்கும் வந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. வந்து, திரும்பிப் போச்சு.

"மார்க்கு அப்டியே இருக்கட்டும் மேடம். ஆனா ஒரு சைபர் இருக்குது பாருங்க, பதினாறாவது கேள்வி. அத அவுங்க சரி பண்ணாம கையெழுத்து போடாதீங்க. கையெழுத்து போட்டுட்டா அப்புறம் யாரும் மாத்தித் தர மாட்டாங்க. இப்ப நீங்க கேட்டா தான் கேப்பாங்க."

பக்கத்துல பேரு வரிசைய வெச்சா. மேடம் அத மேல இருந்து கீழ படிச்சாங்க. பாதியில நிறுத்தி, "இதுல பொண்ணுங்க எங்க?" ன்னாங்க. அப்புறம் பச்ச மசியில ரெண்டு வரி எழுதினாங்க. பதினாறாவது கேள்விக்கு பதில் வந்தப்புறம் தான் ஒப்பந்தம்.

பிரவீன்குமார் முடியவே முடியாதுன்னு சொன்னான். அப்புறம் ஆறு வாரம் ஆவும்னான். பிரின்சிபால் மேடம், அப்ப ஆறு வாரம் கழிச்சுப் பாக்கலாம்னு போன வெச்சுட்டாங்க. ஒன்பதாவது நாளு அவனே கூப்ட்டான், லைப்ரரி நம்பருக்கு. அயர்ன் கலஞ்ச கொரலு.

"மேடம், மாத்தியாச்சு மேடம். பேமிலி நேம் கட்டம் இனிமே கட்டாயம் இல்ல. யாரு என்னா பேரு போடறாங்களோ அதே பேர்ல தெரியும். நாப்பதையும் நீங்க மறுபடியும் ஏத்தணும் மேடம், அது ஒண்ணுதான்."

"ஏத்தறேன்."

அவன் போன வெக்கல. ஒரு 'மேடம்' கூட போடாம, ஊருக்கார பையன் மாதிரி பேசினான்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? நீங்க எங்களுக்கு மார்க்கு கம்மியா போடுவீங்கன்னுதான் எங்க ஆபீஸ்ல எல்லாரும் நெனச்சோம். இப்ப நீங்க ஜூனுக்கு அப்புறம் எங்க போவீங்க?"

"தெரியலப்பா."

ஜன்னலுக்கு வெளிய காலேஜு வேப்ப மரம் பூ கொட்டிக்கினு இருந்துச்சு. சைக்கிள் ஸ்டாண்டு கூரை, சைக்கிளுங்க, யாரோ மறந்துட்டுப் போன டிபன் பாக்ஸு எல்லாத்து மேலயும் வெள்ளையா உழுந்துச்சு. கம்ப்யூட்டர்ல மொதக் கட்டம் காலியா கண்ண சிமிட்டிக்கினு இருந்துச்சு, செவப்பு நட்சத்திரம் இல்லாம. அவ அத காலியாவே வுட்டுட்டு, போன தோள்ல இடுக்கிக்கினு, அடுத்த கட்டத்துல ரெண்டு கையாலயும் சாலம்மாள்னு அடிச்சா.

"கொஞ்சம் லைன்லயே இருப்பா. சரியா வருதான்னு பாத்துட்டு சொல்றேன்."